மனசுக்கு எழுதும் மருந்துச் சீட்டு: பேனா டாக்டர் கையில், கணக்கு யார் கையில்?

(கோவையில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் நம் தன்னார்வலர் பேசியது. வர முடியாத தோழர்களுக்காக முழு உரையும் இங்கே.)



வழக்கமா இந்த மேடையில ட்ரெண்டிங், மீம்ஸ், பூத் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்னுதான் பேசுவோம். இன்னைக்கு நம்மில் பல பேர் வீட்டு பீரோவுல, துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கிற ஒரு மாத்திரை அட்டையைப் பத்திப் பேசப் போறேன். தூக்கத்துக்கு, படபடப்புக்கு, மனச்சோர்வுக்குன்னு எழுதிக் கொடுத்த மாத்திரை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மனநல மருந்து தேவையில்லைன்னு நான் சொல்ல வரலைங்க. அது பல பேர் உயிரைக் காப்பாத்தியிருக்கு. சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க யாரும் இந்தப் பதிவைப் படிச்சுட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க. அப்படி நிறுத்துறது ஆபத்து. நான் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்தது நோயாளியோட தேவையா, கம்பெனியோட டார்கெட்டா?

இதை மனநலத்துல ஏன் தனியா கேக்கணும்? சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு. எலும்பு உடைஞ்சா எக்ஸ்ரே இருக்கு. மனச்சோர்வுக்கு அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. டாக்டர் உட்கார்ந்து, பேசி, கேட்டுத்தான் முடிவு பண்ணணும். மருந்தும் மாசக்கணக்குல, வருசக்கணக்குல ஓடும். அளவுகோல் மங்கலா இருக்கிற இடத்துல, வியாபாரம் நீளமா இருக்கிற இடத்துல, விளம்பரத்துக்கு வேலை சுலபம்.

சும்மா சொல்லலைங்க, ஆதாரம் தர்றேன்.

'டியான்சிட்' என்று ஒரு மாத்திரை. ஃப்ளூபென்டிக்சால், மெலிட்ரசென் என்ற இரண்டு மருந்துகளின் கலவை. டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்பெக் நிறுவனத்தின் தயாரிப்பு. மனச்சோர்வு, படபடப்பு என்று இந்தியாவில் தாராளமாக எழுதப்பட்டது. ஆனால் தயாரித்த நிறுவனத்தின் சொந்த நாடான டென்மார்க்கிலேயே அதை விற்க அனுமதி இல்லை! மருத்துவ இதழாசிரியர் சந்திரா குல்ஹாத்தி போன்றவர்கள் இதைத் தொடர்ந்து எழுதினார்கள். 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 59-வது அறிக்கையில் இதே கேள்வியைக் கேட்டது: பிறந்த நாட்டிலேயே அனுமதி இல்லாத மருந்துக்கு இங்கே எப்படி அனுமதி கொடுத்தீர்கள்? அதற்குப் பிறகும் ஒரு வருடம் கழித்து, 2013 ஜூனில்தான் மத்திய அரசு அதன் விற்பனையை நிறுத்தி உத்தரவு போட்டது.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கு. புது மருந்துகளுக்கு வல்லுநர்கள் கொடுத்த பரிந்துரைக் கடிதங்களைக் குழு எடுத்துப் பார்த்தது. வேற வேற ஊர் டாக்டர்கள் எழுதின கடிதங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி இருந்துச்சு. மருந்துக் கம்பெனியே எழுதி, டாக்டர் கையெழுத்து மட்டும் போட்ட மாதிரி இருக்குன்னு குழுவே சொல்லுச்சு. நம்ம காலேஜ் லேப் ரெக்கார்டுல இப்படிக் காப்பி அடிச்சா, அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போட்டிருப்பாங்க!

சரி, இந்தப் பணம் எப்படி ஓடுது?

என்கூட இன்ஜினியரிங் முடிச்ச சில பேர் வேலை கிடைக்காம மெடிக்கல் ரெப் ஆனாங்க. அவங்க சொல்லித்தான் 'ஆர்.சி.பி.ஏ.'ங்கிற வார்த்தையே எனக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்துட்டு, ரெப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போவார். எந்த டாக்டர் எந்த பிராண்டை எத்தனை எழுதினார்னு கேட்டுக் குறிச்சுக்குவார். நமக்குப் புரியற மாதிரி சொன்னா, ஃபீட்பேக் லூப். மேல இருந்து செலவு உள்ள போகுது, கீழே மருந்துச் சீட்டு வெளிய வருதான்னு மாசாமாசம் அளக்குறாங்க. பலன் இல்லாத இடத்துல எந்தக் கம்பெனியும் இப்படி அளந்துட்டு உட்கார்ந்திருக்காது.

நம்ம சென்னையில் உள்ள அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கை எடுத்துக்கோங்க. இது சத்து மாத்திரை விஷயம், மனநல மருந்து இல்லை. ஆனா பாதை ஒண்ணுதான். 'ஜிங்கோவிட்' மாத்திரைக்காக டாக்டர்களுக்கு ஃப்ரிட்ஜ், எல்.சி.டி. டி.வி., லேப்டாப், தங்கக் காசு என்று கொடுத்த வகையில் சுமார் 4.72 கோடி ரூபாயைத் தொழில் செலவு என்று வருமான வரிக் கணக்கில் காட்டினார்கள். 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. டாக்டர்கள் வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரிலேயே விதி வந்துவிட்டது; வாங்குவது தவறென்றால், கொடுத்ததற்கு வரிச்சலுகை கேட்க முடியாது. அந்தப் பரிசுகளின் விலை கடைசியில் மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றும் நீதிமன்றம் சொன்னது. அதாவது அந்த ஃப்ரிட்ஜுக்குக் காசு கொடுத்தது நீங்களும் நானும்.

விதிதான் இருக்கேன்னு கேப்பீங்க. ஓட்டையும் இருக்கு.

ஒன்று: 2016 பிப்ரவரியில் அந்த விதியிலிருந்து 'டாக்டர்கள் சங்கங்கள்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். தனி டாக்டர் வாங்கக் கூடாது. சங்கத்தின் மாநாட்டுக்கு வாங்கினால் அந்த விதி கேட்காது.

இரண்டு: கம்பெனி பணத்தில் நடக்கும் மாநாடுகளுக்கு டாக்டர்கள் போகக் கூடாது என்ற புது விதியைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ல் கொண்டு வந்தது. ஆகஸ்ட் 23-ல் நிறுத்தி வைத்தது. மொத்தம் மூணே வாரம்!

மூன்று: 2024 மார்ச்சில் மருந்து விளம்பரத்துக்கான நடத்தை நெறி வந்தது. பரிசு கூடாது, வெளிநாட்டு டூர் கூடாது என்று எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறது. ஆனால் புகாரை விசாரிப்பது யார்? மருந்துக் கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு. ஆட்டுக்கு ஓநாய் காவல்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க.

இதை மாற்றிச் சட்டமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனது யார் தெரியுமா? பை தூக்கிட்டு டாக்டர் வாசலில் காத்துக் கிடக்கும் மெடிக்கல் ரெப்களின் கூட்டமைப்பு. உள்ளே இருக்கிறவங்களே இது தப்புன்னு சொல்றாங்க.

வெளிநாட்டிலும் இதுதான் கதை. மனச்சிதைவுக்கான 'சைப்ரெக்சா' மருந்தை, அனுமதி இல்லாமலே மறதி நோய் உள்ள முதியவர்களுக்குத் தள்ளிவிட்டது எலி லில்லி நிறுவனம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அஞ்சு மில்லிகிராம் கொடுத்தால் ராத்திரி அமைதியாகத் தூங்குவார்கள் என்று முதியோர் இல்லங்களில் விற்றார்கள். 2009 ஜனவரியில் அமெரிக்க அரசுக்கு 141.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே அங்கே சட்டம் வந்தது. இன்று எந்தக் கம்பெனி எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்று அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். நம்ம நாட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

இப்ப நம்ம மண்ணுக்கு வருவோம். திருப்பூர் பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட். சோமனூர், பல்லடத்துல கூலி உயருமான்னு காத்திருக்கிற தறிக்காரங்க. கடன்ல நிக்கிற விவசாயி. இவங்களுக்குத் தூக்கம் வராததுக்குக் காரணம் பாதி மூளையில, பாதி வெளிய. 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். நாட்டிலேயே இரண்டாவது இடம். இவங்களுக்கு மருந்தும் வேணும், பேசுறதுக்கு ஆளும் வேணும். பேச அரை மணி நேரம் ஆகும், சீட்டு எழுத ரெண்டு நிமிசம். அந்த அரை மணி நேரத்தை விக்கிறதுக்கு எந்தக் கம்பெனியும் ரெப் அனுப்பாது. அதை அரசுதான் தரணும்.

நம்ம மாநிலம் இதுல முன்னோடிங்க. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பிராண்ட் பார்க்காமல் மருந்தின் பொதுப் பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பணம் வாங்காமல் மாத்திரை தர முடிவது இதனால்தான். அங்கே போறதுக்கு வெக்கப்படாதீங்க.

நீங்க செய்ய வேண்டியது: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்களுக்கு உரிமை தருகிறது. டாக்டரிடம் மரியாதையாக நாலு கேள்வி கேளுங்க. இது எதுக்கான மருந்து? பக்கவிளைவு என்ன? எத்தனை நாள்? இதே மருந்து பொதுப் பெயரில் கிடைக்குமா? நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். நிறைய நல்ல டாக்டர்கள் நம்ம ஊரில் இருக்காங்க. இந்தக் கேள்வி அவங்களுக்கும் பலம்தான்.

நம்ம கட்சி செய்ய வேண்டியது: நடத்தை நெறியைத் தண்டனையுள்ள சட்டமாக்கு, டாக்டருக்குப் போகும் பணத்தை இணையத்தில் போடு, தாலுகா தோறும் மனநல ஆலோசகரை நியமி. இந்த மூணையும் நம்ம உறுப்பினர்கள் அவையில எழுப்பணும்னு இந்த மேடையிலேயே கேக்குறேன்.

கடைசியா, மேடையில இருக்கிற அண்ணன்மார் தப்பா எடுத்துக்க வேண்டாம். 2024-ல் தேர்தல் பத்திரப் பட்டியல் வெளியே வந்தப்போ அதுல மருந்துக் கம்பெனிகள் வரிசையா இருந்துச்சு. டாக்டர் வாங்கினா அவர் பேனா சாயும்னு சொல்ற நாம, கட்சி வாங்கினா சட்டம் சாயாதுன்னு சொல்ல முடியாது. எந்தக் கட்சியா இருந்தாலும், நாம உட்பட, மருந்துக் கம்பெனிகிட்ட வாங்குனதை வெளிப்படையா சொல்லணும். அப்பத்தான் இந்தக் கேள்வியை அடுத்தவங்ககிட்ட கேக்க நமக்குத் தகுதி வரும்.

மனசு சரியில்லைன்னா தனியா தவிக்காதீங்க. 14416-க்குக் கூப்பிடுங்க. கட்டணமில்லை, தமிழ்லயே பேசலாம்.

இந்தப் பதிவை உங்க வீட்டு குரூப்ல பகிருங்க. முக்கியமா, மாத்திரை அட்டையை ஒளிச்சு வெச்சிருக்கிற வீட்டுக்கு இது போய்ச் சேரணும்.