அனாமத்துக் கணக்கில் ஒரு ரிப்போர்ட்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் நம் ஹாலில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்ததிலிருந்து, லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கையில் ரிப்போர்ட்டோடுதான் நிற்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் டாக்டர் இல்லை. 34 வருடம் வங்கியில் கிளார்க். ஆனால் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மாஸ்டர் செக்கப் எடுத்தேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 6.3. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. இருக்க வேண்டியது சுமார் 3.5 முதல் 5 வரை. போனில் தேடினேன். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று போட்டிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. பாஸ்புக்கும் இன்சூரன்ஸ் பத்திரமும் பீரோவில் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்த்து வைத்தேன்.

காலையில் டாக்டரிடம் போனதும் முதலில் திட்டுதான். "இந்த நம்பரைப் பார்த்தா ராத்திரியே வந்திருக்கணும் சார்!" உடனே ஈசிஜி எடுத்தார், சரியாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 4.4.

பிறகு விளக்கினார். உடம்பில் பொட்டாசியம் பெரும்பாலும் செல்களுக்குள்தான் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே இருப்பது வெளியே கலந்து அளவு ஏறிவிடும். கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தாலும் ஏறும். எனக்குக் கூடியது குழாயில், உடம்பில் இல்லை. ஆனாலும் நான் சாப்பிடும் டெல்மிசார்டன் மாத்திரை நிஜமாகவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால், கிரியேட்டினினையும் பார்த்த பிறகுதான் அனுப்பினார்.

எனக்கு வங்கி ஞாபகம் வந்தது. கணக்கு டேலி ஆகவில்லை என்றால் உடனே கையாடல் என்று கத்த மாட்டோம். வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம்; வகுபட்டால் 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். காரணம் கிடைக்காவிட்டால் அனாமத்துக் கணக்கில் வைப்போம். ஆனால் அது அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் விடமாட்டார். எதிர்பாராத ரிப்போர்ட்டும் அப்படித்தான். உடனே தீர்ப்பு எழுதவும் கூடாது, தீர்க்காமல் விடவும் கூடாது.

பல சோதனைகளுக்கு நார்மல் வரம்பு எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவைப் போடுகிறார்கள். அப்படியானால் நோயே இல்லாத 100 பேரில் 5 பேர் வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனை எடுத்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றிலாவது அம்புக்குறி விழ 64 சதவீதம் வாய்ப்பு. 0.95-ஐ 20 தடவை பெருக்கி, 1-இல் கழித்துப் பாருங்கள்.

சர்க்கரைக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அதன் வரம்பு நோயின் ஆபத்தை வைத்துப் போட்டது. என் அண்ணனுக்கு வெறும் வயிற்றில் 168 வந்தது. 126-ஐத் தொட்டாலே மறுபடி சோதித்து உறுதிசெய்ய வேண்டும். "முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, அதான்" என்று மடித்து வைத்துவிட்டார். ஆறு வருடம் கழித்துக் கண் மங்கியபோதுதான் அந்தக் காகிதத்தைத் தேடினார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அளவு வரம்பை விட்டு வெகுதூரம் போயிருந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ அன்றைக்கே போங்கள். மற்றதற்குப் பழைய ரிப்போர்ட்டுகளோடு டாக்டரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடி வளர எடுக்கும் பயோட்டின்கூட தைராய்டு ரிசல்ட்டைத் திரித்துக் காட்டும். நம் ஊரில் தொழிலையும் சொல்ல வேண்டும். பட்டாசில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால், பொட்டாசியத்தை அபாயமாக இறக்கிவிடும். கடைசியாக, "மறுபடி எப்போது எடுக்கணும்?" என்று கேட்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. ரிப்போர்ட்டை வீட்டில் மறைக்காதீர்கள். அன்று ராத்திரி நான் சொல்லியிருந்தால், என் வீட்டம்மா அரை மணி நேரத்தில் என்னை ஆட்டோவில் ஏற்றியிருப்பார்.