முன் சக்கரத்துப் பிரேக்

திருப்பூரில் பனியன் துணி பின்னும் இயந்திரத்தின் அருகே வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை இளமையிலேயே தெரிந்துவிடும். ஊசி ஒன்று பழுதுபட்டால் துணியில் நெடுகக் கோடு விழும். கோட்டைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி ஊசியை மாற்றிவிடுகிறோம். மோட்டார் வண்டியின் பிரேக் தன் தேய்வை இவ்வாறு கண்ணுக்குக் காட்டுவதில்லை. பல வண்டிகளில், பேடு தேய்ந்ததும் சிறு தகடு ஒன்று டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று ஒலிக்கும். அவ்வளவே எச்சரிக்கை. அதையும் பொருட்படுத்தாவிட்டால், பின்னர் இரும்போடு இரும்புதான் உரசும்.

முன் சக்கரங்களைத் தனியே எடுத்துக் கூறுவானேன்? பிரேக்கை அழுத்தியதும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. ஆகையால் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன் சக்கரங்களையே சேர்கிறது. வேகம் இரு மடங்கானால், வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மூணாற்றிலிருந்து மறையூர் வழியே உடுமலைக்கு இறங்கி வருபவர்கள், அந்த வெப்பத்தை டிஸ்க்குகளோடு சேர்ந்து தாங்குபவை உள்ளங்கையில் அடங்கும் சில பேடுகளே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா? பொறுமை உள்ளவருக்கு முடியும். முதலில் வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். கைப் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு, வண்டியின் கையேடு குறிக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. உறுதியான ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டியின் கீழே கையோ தலையோ நீட்டலாகாது.

ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுங்கள். ஐயம் எழுந்தால் கழற்றாத பக்கம் உங்களுக்கு ஆசிரியராக இருக்கும். ஆனால் இரு பக்கங்களிலும் பேடுகளை ஒருங்கே மாற்றியாக வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். பேடு வாங்கும்போது உங்கள் வண்டிக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்ட காலம் முதல் பிரேக் உறுப்புகள் நம் மாநிலத்திலேயே உற்பத்தியாகி வருகின்றன. அப்படியிருக்கப் போலிப் பொருளை நாடுவதற்கு நியாயமில்லை.

பெரும்பாலான வண்டிகளில் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் அதை மேலே தூக்கிவிடலாம். முழுதும் கழற்ற நேர்ந்தால் கம்பியால் கட்டி வையுங்கள்; ரப்பர்க் குழாயில் தொங்கவிடாதீர்கள். பழைய பேடுகளை எடுத்ததும் டிஸ்க்கைப் பாருங்கள். அதன் குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, ஆழமான பள்ளம் விழுந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை. அங்கே படிந்த தூசியை ஊதாதீர்கள். அது மூச்சுக்குக் கேடு, ஈரத்துணியால் துடையுங்கள்.

புதிய பேடு தடிப்பானது. ஆகையால் பிஸ்டனைக் கிளாம்ப் கொண்டு மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே உள்ள பிரேக் ஆயில் பொங்கி வழியக்கூடும். அது வண்டியின் வர்ணத்தை அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பனியன் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் என்னவாகும் என்பதை நம் ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேடின் முகத்தில் கிரீஸ் பட்டாலும் அதே கதிதான். பேடுகளை அமர்த்திய பின், காலிப்பர்ப் போல்ட்டுகளைக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்குங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்கி வாருங்கள்.

வேலை முடிந்ததென்று எண்ணும் இந்த இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதன்முறை இவ்வேலையைச் செய்தபோது, கைகழுவிய மகிழ்ச்சியில் வண்டியைக் கிளப்பி வாசலை நோக்கி நகர்த்தினேன். பிரேக்கை மிதித்தேன்; கால் தடையின்றித் தரைவரை இறங்கியது. வாசலுக்கு வெளியே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கைப் பிரேக்கை இழுத்ததால் வண்டி நின்றது. பேடுகளில் குறையில்லை; நான் செய்த வேலையிலும் பிழையில்லை. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடை வந்து தொடும்வரை பிரேக்கைப் பலமுறை மிதித்துவிட வேண்டும் என்பதை மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆகவே இஞ்சினைக் கிளப்புமுன் மிதி இறுகும்வரை மிதியுங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, அவசியம் நேர்ந்தாலன்றி பிரேக்கைக் கடுமையாகப் பிடிக்காதீர்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்த அவகாசம் வேண்டும். மிதி இறுகாமல் பஞ்சுபோல் அமுங்கினாலோ, ஆயில் கசிந்தாலோ, பிஸ்டன் பின்வாங்க மறுத்தாலோ, அவ்வளவில் நிறுத்திக்கொண்டு வல்லவரை அழையுங்கள். மெக்கானிக்கின் கூலி மிச்சமாவது நல்லதே. ஆனால் பிரேக் நம் பணத்தைக் காப்பதற்காக அமைந்ததன்று. வாசலில் விளையாடும் பிள்ளைகளைக் காப்பதற்காக அமைந்தது.