மெல்ல நகரும் படம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பொன்மணி" என்னும் திரைப்படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். 1977ஆம் ஆண்டிலே வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. எழுதியவர் காவலூர் இராசதுரை. இயக்கியவர் 2018இல் மறைந்த சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜா. யாழ்ப்பாணத்து மண்ணிலேயே எடுக்கப்பட்ட தமிழ்ப் படம் அது.

கதை சிறியது. உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம். கையிலே பணம் இல்லை. சீதனம் இல்லாமையால் மூத்தவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு வழியில்லை. இளையவள் பொன்மணியோ வேறு சாதி வாலிபனோடு போய்விடுகின்றாள். அதற்கு விலையாகத் தன் உயிரையே கொடுக்கின்றாள்.

அக்காலத்தில் இப்படம் வசூலில் தோல்வியுற்றது. இன்று பார்க்கும் நம் தோழர்களும், "படம் நகரவே இல்லையே! பழைய காலத்துச் சங்கதி" என்கின்றனர். இவ்விரு குற்றச்சாட்டுகளையும் சற்று ஆராய்வோம்.

படம் மெல்ல நகர்வது உண்மையே. ஆனால் சீதனத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணின் வாழ்வு விரைந்தா நகர்கின்றது? அவளுடைய பத்தாண்டுத் துயரை ஒரு சோகப் பாட்டிலே முடித்திருந்தால் நாம் கண்ணீர் விட்டு, வாசலைக் கடக்குமுன் மறந்திருப்போம். பத்திராஜா நம்மையும் அவளோடு காத்திருக்க வைக்கின்றார். நமக்கு உண்டாகும் சலிப்பு அவளுடைய சலிப்பே. 1955இல் சத்தியஜித் ராயின் "பாதேர் பாஞ்சாலி"யும், 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் "ரேகாவ"வும் காட்டிய பொறுமை இதுதான்.

பழைய சங்கதியா? நமது கல்முனைக் கரையைப் பாருங்கள். மிஷன் பாடசாலையிலே இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவனும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். வேதம் வேறாயினும் வீட்டுக் கவலை ஒன்றாகவே இருந்தது: அக்காவுக்கு வீடு கட்டி முடியவில்லை. இப்பகுதியிலே மணமகன் பெண்வீட்டுக்குக் குடிவருவதே வழக்கம். மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டவேண்டும். பாலைவன நாடுகளிலே வெயிலில் உழைக்கும் அண்ணன்மார் எத்தனை பேர் தங்கையின் சுவருக்குக் கல் அனுப்புகின்றனர்! உடை மாறிவிட்டது, சீதனப் பேச்சு மாறவில்லை.

மகளுக்குப் பெற்றோர் மனமுவந்து கொடுப்பதை நான் குறைகூறவில்லை. அவளுக்கென ஒரு கூரை இருப்பது நல்லதே. ஆனால் கொடை வேறு, நிபந்தனை வேறு. "வீடு முடிந்த பின்பு பேசுவோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் அன்றே கொடை கடனாகிவிடுகின்றது.

தோழர்களே, நாளை பெண் கேட்டுப் போகப்போகின்றவர்கள் நாமே. அந்த நிபந்தனையை நம் வாயாலும் சொல்லோம், நம் பெயரால் பிறர் சொல்லவும் விடோம் என்று உறுதி கொள்வோமாக. பெரியோர்களே, சம்பந்தம் பேசும்போது முதற் கேள்வியாகச் சாதியைக் கேளாதிருக்க உங்களை வணங்கிக் கேட்கின்றோம்.

படம் மெல்ல நகரலாம். நாம் அப்படி நகரலாகாது.