முகம் மாறும் விசைகள்

சென்ற ஆண்டு ஒரு நாள், நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்குப் பெற்றோரை அழைத்துக் கணினி அறையைக் காட்டினோம். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு, கை கால் கழுவிய ஈரம் காயாமல் வந்திருந்த ஒரு தாய், கணினியின் முன்னே குனிந்தார். விசைப்பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"சார், இதுல தமிழ் எழுத்து ஒண்ணுகூட இல்லையே. பிள்ளைங்க எதப் பாத்துத் தமிழ் எழுதும்?" என்று கேட்டார்.

மூன்றாம் ஆண்டில் படிக்கும் அவருடைய மகளை உட்காரச் சொன்னோம். சிறுமி நான்கு முறை தட்டினாள். அவள் விரல் பட்ட விசைகளின் மேல் இருந்தவை ஏ, கே, கே, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள். திரையில் வந்து நின்றதோ 'அம்மா' என்னும் சொல். தாய் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "மந்திரம் மாதிரி இருக்கு சார். இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நேயர்களே, அந்த 'நமக்கு ஆகாது' என்னும் சொல்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

பழைய தட்டச்சுப் பொறியில் மந்திரம் எதுவும் இல்லை. விசையை அழுத்தினால் ஒரு நெம்பு எழும்பும். அதன் நுனியில் வார்த்த ஈய எழுத்துப் போன்ற உலோக எழுத்து நாடாவில் மோதித் தாளில் பதியும். விசையின் மேல் எது எழுதியிருக்கிறதோ அதுதான் விழும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தபோது பட்ட பாடும் இதனால் வந்ததே. நம் எழுத்துகள் 247. அத்தனைக்கும் நெம்பு வைக்க இடமேது?

கணினி விசை வேறு வகை. அது எழுத்தை அனுப்புவதே இல்லை. 'இந்த இடத்து விசையை அழுத்தினார்கள்' என்று ஓர் எண்ணை மட்டும் கணினிக்குச் சொல்லும். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் கட்டளைத் தொகுப்பு. லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டில் இருந்தவர் தம் பெயர்ப்பலகையைக் கழற்றாமலே மாறிப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண் அதேதான், குடியிருப்பவர் வேறு. தமிழுக்கு மாற்றிய கணினியின் விசைப்பலகை அப்படிப்பட்டது. 1999-ஆம் ஆண்டில் வகுத்த 'தமிழ் 99' முறைப்படி, உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆக 31 விசைகளில் நம் எழுத்து முழுவதும் அடங்கிவிடுகிறது. ஏ இருக்கும் வீட்டில் 'அ' குடியிருக்கிறது. கே இருக்கும் வீட்டில் 'ம' குடியிருக்கிறது. 'ம' விசையை இரண்டு முறை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாகவே விழும்.

பெயர்ப்பலகை மட்டும் பழையதாகவே நிற்கிறது. அதற்காக நாம் சிறு துண்டுகளில் தமிழ் எழுத்தை அச்சிட்டு விசைகளின் மேல் ஒட்டினோம். பிள்ளைகளின் கை வியர்வையில் ஒரு தவணைக்குள் 'க'வும் 'த'வும் தேய்ந்து போயின. அதிகம் உழைக்கும் எழுத்து முதலில் தேய்கிறது!

விசையே தன் முகத்தை மாற்றிக்கொண்டால் என்ன என்னும் எண்ணத்தைச் செய்து காட்டியவர்கள் மாஸ்கோ நகரத்தார். ரஷ்யாவிலும் இதே தொல்லை உண்டு. அவர்கள் மொழிக்கு 33 எழுத்துகள், ஆங்கிலத்துக்கு 26. ஆகவே அங்கே ஒரே விசையின் மேல் இரண்டு மொழி எழுத்துகளையும் நெருக்கி அச்சிடுகிறார்கள். 2005-ஆம் ஆண்டில் மாஸ்கோவிலுள்ள ஆர்ட்டமி லெபெதேவ் வடிவமைப்புக் கூடம் ஒரு படத்தை வெளியிட்டது. ஒவ்வொரு விசையின் தலையிலும் ஒரு குட்டித் திரை. ரஷ்ய மொழிக்கு மாற்றினால் எல்லா விசைகளிலும் ரஷ்ய எழுத்து. ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஆங்கிலம். படம் வரையும் வேலை என்றால் தூரிகை, கத்தரிக்கோல் முதலிய குறிகள். பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தியதும் சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாகிவிடும்.

படம் வரைவது எளிது. செய்வதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2006-இல் மூன்றே விசைகள் கொண்ட சிறு கருவி ஒன்று வந்தது. முழுப் பலகை 2008-இல்தான் வாங்கியவர் கைக்குப் போனது. அதன் பெயர் ஆப்டிமஸ் மேக்சிமஸ். 113 விசைகள்; விசைக்கு ஒரு திரை. ஒவ்வொரு திரையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சதுரம். அதற்குள் அகலத்தில் 48, உயரத்தில் 48 ஒளிப்புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், 2,304 புள்ளிகள். மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிவிடும் மெல்லிய படலத்தால் ஆன திரை அது. விசையோடு சேர்ந்து திரையும் மேலும் கீழும் ஆடினால் அதன் கம்பிகள் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே திரையை அசையாமல் நிறுத்தி, அதன் மேல் கண்ணாடி போன்ற மூடி மட்டும் ஏறி இறங்கும்படி அமைத்தார்கள். இந்த இடத்தில் அவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

விலை? ஏறக்குறைய 1,600 அமெரிக்க டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு 5,000 வெள்ளிக்குக் குறையாது. பலகைக்கே இந்த விலை, கணினி தனி.

அது பரவவில்லை. விலை ஒரு காரணம். விசைகள் அழுத்துவதற்குக் கடினமாக இருந்தன என்றும் வாங்கிப் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஆனால் நமக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. நன்றாகத் தட்டச்சுச் செய்கிறவர் விசையைப் பார்ப்பதே இல்லை. அவர் கண் திரையில் இருக்கும், விரல் தானாகப் போகும். இருட்டில் பால் வெட்டுகிறவர் வெட்டுப் பட்டையைக் கையால் அறிவதில்லையா? அதுபோல. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு வந்தால் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளைத் தடவிப் பாருங்கள். சிறு மேடு ஒன்று விரலில் தட்டுப்படும். பார்க்காமலே கை தன் இடத்தைக் கண்டுகொள்வதற்காக வைத்த மேடு அது. முகம் பார்த்துத் தட்டுகிறவர் புதிதாகக் கற்பவர். அவருக்கு 5,000 வெள்ளிப் பலகை கட்டாது. வாங்கும் வசதி உள்ள கைதேர்ந்தவருக்கோ முகம் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பலகை சிக்கிக்கொண்டது.

பிறகு வந்தவர்கள் செலவைக் குறைக்க வழி கண்டார்கள். விசைக்கு ஒரு திரை என்பதை விட்டு, அடியில் ஒரே திரையைப் பரப்பி அதன் மேல் ஒளி புகும் விசைகளை அடுக்கினார்கள். ஜெர்மனியின் எல்காட்டோ நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த 15 விசைக் கருவி இந்த வகையே. ஒளிபரப்புச் செய்வோரும் படம் வெட்டி ஒட்டுவோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். எழுதுவதற்கு அன்று, குறித்த வேலைக்கு ஒரு பொத்தான் என்னும் முறையில்.

இவர்கள் விசையின் தலையில் திரையை ஏற்றப் பாடுபட்ட அதே காலத்தில், வேறு சிலர் விசையையே தூக்கி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2007-இல் வந்த ஐபோனில் எழுத்து விசை ஒன்றுகூட இல்லை. எழுத வேண்டியபோது கண்ணாடியில் விசைகளின் படம் தோன்றும். வேலை முடிந்தால் மறையும். இன்று நம் வீடுகளில் இருக்கும் தொடுதிரைக் கைப்பேசிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. தடவி அறியும் மேடு போய்விட்டது, அது நட்டந்தான். ஆனால் மாஸ்கோக்காரர் 113 திரைகள் வைத்துச் செய்ததை ஒரே திரை செய்கிறது; அதற்கென்று தனிக் காசும் இல்லை.

இப்படியிருந்தும் நம்மில் எத்தனை பேர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறோம்! அதைப் பெறும் பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுந்தான் தெரியும். பேரன் அனுப்பியதை அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுக்கும் போய்விடுகிறது.

கணினி அறையில் பின்னால் போய் நின்ற அந்தத் தாயிடமும் கைப்பேசி இருந்தது. அதன் அமைப்புப் பகுதியில் மொழி என்னும் இடத்துக்குப் போய்த் தமிழைச் சேர்த்தோம். எழுதும் பலகையின் கீழ் வரிசையில் உருண்டையான உலகப் படம் போட்ட விசை ஒன்று தோன்றியது. அதைத் தொடச் சொன்னோம். ஆங்கில எழுத்துகள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்து தமிழ் வந்தது. அவர் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சார், 'கு' எங்க? காணோமே."

"முதல்ல 'க' தொடுங்கம்மா. அப்புறம் 'உ' தொடுங்க."

தொட்டார். 'கு' வந்தது. மறுபடி 'க', 'ஊ'. 'கூ' வந்தது. பிறகு நம்மைக் கேட்காமலே தேடித் தேடி எழுதத் தொடங்கினார். மற்றப் பெற்றோர் சிற்றுண்டிக்குப் போன பிறகும் அங்கேயே நின்றார். ஜோகூரில் வேலை செய்யும் மூத்த மகனுக்கு எழுதினாராம். சிறிது நேரத்தில் மகனே கூப்பிட்டுவிட்டான், "யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று.

"நாந்தான்டா," என்றார் அவர்.