நிழற்படமும் பெயரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

வரலாற்றில் பெயர்பெற்ற நிழற்படங்கள் சிலவற்றையும், அவற்றின் பின்னே மறைந்து கிடக்கும் துயரக் கதைகளையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். விழா நாளில் துயரம் பேசலாமோ என்று சிலர் எண்ணக்கூடும். நல்ல நாளில் மறைந்த முன்னோரை நினைந்து படையலிடுவது தமிழர் வழக்கம். இப்பேச்சையும் அவ்வகையிலேயே கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நமக்கு அண்மையிலுள்ள ஒரு படத்திலிருந்து தொடங்குவோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காட்டை அடையலாம். தமிழ் முனிவர் என்று நாம் போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய சிகரத்தின் அடிவாரம் அது. அகத்தியர்கூடம் ஏறுவோர் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவர். வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று அங்கே உண்டு. அதன் மேட்டில் பாழடைந்த பங்களா ஒன்று நிற்கிறது. அந்தப் பங்களாவில் முன்னாளில் வாழ்ந்த துரையின் மகள் இறந்துபோனாள் என்றும், அவளுடைய ஆவி இன்னும் உலவுகின்றது என்றும் ஒரு கதை வழங்குகிறது. சொல்வார்க்குச் சொல்வார் கதை மாறும். பங்களாவின் படம் மட்டும் மாறுவதில்லை. இடிந்த சுவர், சட்டமில்லாத சன்னல், பின்னே மூடுபனி. அந்திப்பொழுதில் அங்கே சென்று படமெடுத்துக் கைப்பேசி வழியே உலகெங்கும் பரப்புவோர் பலர்.

அந்தப் பங்களாவிலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் தொழிலாளர் லயங்கள் இருக்கின்றன. கங்காணிமாருடன் மலை கடந்து வந்து காடு திருத்திக் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் வாழ்ந்த இல்லங்கள் அவை. தோட்டம் நலிந்தது, தொழிற்சாலை நின்றது, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் விழுந்தன. ஒழுகும் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தோரின் கதை நாளிதழ்களில் எப்போதோ ஒருமுறை வந்து மறைந்தது. இல்லாத ஆவிக்கு ஆயிரம் படங்கள் உண்டு. இருந்த மனிதர்க்கு எத்தனை உண்டு? இக்கேள்வியை மனத்திற் கொண்டே பழைய படங்கள் சிலவற்றைக் காண்போம்.

தமிழர் உருவம் பதிந்த நிழற்படங்களுள் நெஞ்சை மிகவும் வருத்துபவை 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது எடுக்கப்பட்டவை. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிய பஞ்சம் அது. 1876 இலும் 1877 இலும் மழை பொய்த்தது. ஆயின் மழை மட்டும் மக்களைக் கொல்லவில்லை. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையால் தானியம் விலை ஏறி, ஏழையின் கைக்கு எட்டாமற் போயிற்று. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் செலவைச் சுருக்க முனைந்தார். மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். அது உயிர்காக்கப் போதாது என்று மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். அவ்வாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே மக்கள் மடிந்தனர். தென்னிந்தியாவில் இறந்தோர் 50 லட்சத்துக்கு மேல் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு.

இப்பஞ்சத்தைப் படமெடுத்தவர் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்பவர். சென்னைப் படையின் குதிரைப் பிரிவு அதிகாரி. எலும்பும் தோலுமாகிய ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கூட்டமாய் அமர்த்தியும் நிறுத்தியும் எடுத்த படங்கள் அவை. அக்காலத்து நிழற்பட முறையை நினைத்தால்தான் இதன் கடுமை விளங்கும். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் கருவியில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துள் கொண்டுசென்று கழுவ வேண்டும். சில நொடிகளேனும் எதிரிலிருப்போர் அசையலாகாது. ஆகவே, அவை போகிற போக்கில் எடுத்த படங்கள் அல்ல. நிற்க வலுவில்லாதவரை வரிசைப்படுத்தி, தாயின் கைக்குழந்தையையும் தெரியும்படி அமைத்து, அசையாதே என்று ஆணையிட்டு எடுத்தவை. படம் எடுத்தபின் அவர்களுக்கு உதவாமல் அனுப்பிவிட்டார் என்னும் பழியும் ஹூப்பர்மேல் சொல்லப்பட்டது.

நாளிதழ்களில் நிழற்படத்தை அப்படியே அச்சிடும் முறை அன்று வழக்கில் வரவில்லை. இத்தகைய படங்களைப் பார்த்து மரத்திற் செதுக்கிய உருவங்களே இலண்டன் இதழ்களில் வெளிவந்தன. அவற்றைக் கண்டு இரங்கிய இங்கிலாந்து மக்கள் 1877 இல் லட்சக்கணக்கான பவுன் நன்கொடை திரட்டி அனுப்பினர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தால் பயன் விளைந்தது. ஆயினும் அப்படங்களின் கீழ் எழுதப்பட்டிருப்பது என்ன? இலவச உதவிக்குத் தகுதியானவர்கள் என்னும் பொருளில் ஒரு குறிப்பு. ஊர் இல்லை, குலதெய்வம் இல்லை, பெயர் இல்லை. சேலமோ, பெல்லாரியோ, வட ஆர்க்காடோ, எவ்வூர்ப் பெற்றோர் எப்பெயர் இட்டு அழைத்த பிள்ளைகள் அவர்கள் என்பது அக்கண்ணாடித் தகட்டில் பதியவே இல்லை.

பஞ்சத்திற்குத் தப்பியோர் எங்கே சென்றனர்? பலர் கடல் கடந்தனர். 1877 ஆம் ஆண்டில் மட்டும் லட்சத்திற்கும் மேற்பட்ட தமிழர் இலங்கைத் தோட்டங்களை நோக்கிச் சென்றனர். திருவிதாங்கூர் மலைகளிலும் வெள்ளையர் 1860 களிலிருந்து காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டு வந்தனர். அங்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தனர். போனக்காட்டிற்கு வந்த குடும்பமெல்லாம் பஞ்சத்தால் வந்தது என்று நாம் கூறவில்லை. பசியே மலைத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய பெரிய கங்காணி என்பதை மட்டும் சொல்கிறோம்.

இலங்கை சென்றோரின் கதையில் வியப்பான ஒரு செய்தி உண்டு. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் புகழ்மிக்க நிழற்படக் கலைஞர் ஒருவர் அத்தீவில் வாழ்ந்தார். அவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 48 ஆம் வயதில் தம் மகளிடமிருந்து நிழற்படக் கருவியைப் பரிசாகப் பெற்று, சில ஆண்டுகளிலேயே அக்கலையில் தமக்கென ஒரு வழி வகுத்தவர். கவிஞர் டெனிசன், வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், டார்வின் ஆகியோரின் முகங்களை உலகம் இன்று அறிவது பெரிதும் அவர் கைவண்ணத்தால். அவர் கணவர்க்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. ஆகவே 1875 இல் குடும்பத்தோடு அங்கே சென்றார். 1879 இல் மலைநாட்டில் மறைந்தார். போகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்நான்காண்டுகளில் அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை ஏறத்தாழ முப்பது. அவற்றுட் பல, தோட்டத்துத் தமிழரையும் வீட்டுப் பணியாளரையும் களுத்துறைக் குடியானவரையும் காட்டுவன. ஹூப்பர் எடுத்த படங்களைப் போன்ற கொடுமை இவற்றில் இல்லை. ஒளியும் நிழலும் கனிவாக விழுந்திருக்கின்றன. பெண்களின் நோக்கில் ஒரு பெருமிதமும் உண்டு. ஆயினும் டெனிசன் டெனிசனாகவும் ஹெர்ஷல் ஹெர்ஷலாகவும் நிற்க, நம்மவர் பெண், கூட்டம், குடியானவர் என்றே நிற்கின்றனர். அன்புடன் பார்த்த கண்ணுக்கும் அவர்களுடைய பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அவர்களுள் சிலர் முந்தைய ஆண்டுதான் பஞ்சத்திற்குத் தப்பி இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ நடந்து வந்தோராகவும் இருக்கலாம். அதை எடுத்துரைக்கும் ஆற்றல் படத்திற்கு இல்லை.

ஹூப்பரின் கதை சென்னையோடு முடியவில்லை. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மாண்டலேயைக் கைப்பற்றித் தீபோ மன்னரை நாடுகடத்தினர். அப்படையில் ஹூப்பர் தண்டனைகளை நிறைவேற்றும் அதிகாரியாய் இருந்தார். கொள்ளையர் எனப் பிடிக்கப்பட்ட பர்மியரைச் சுவரோரம் நிறுத்திச் சுடும்போது, துப்பாக்கிகள் குறிபார்த்த பின்னும் தம் கருவியைச் சரிசெய்யும் வரை சுடும் ஆணையைத் தாமதித்தார் என்பது அவர்மேல் எழுந்த குற்றச்சாட்டு. நொடிப்பொழுதில் உருவைப் பற்றும் உலர்தகடுகள் அதற்குள் வந்துவிட்டன. குண்டு பாயும் கணத்தைப் பிடிக்க அவர் விரும்பினார். இச்செய்தியை 1886 சனவரியில் இலண்டன் டைம்ஸ் இதழ் வெளியிட்டது, ஆங்கிலப் பாராளுமன்றத்திலும் எதிரொலித்தது, விசாரணை நடந்தது, ஹூப்பர் கண்டிக்கப்பட்டார். சென்னையில் பசித்தவரை அசையாதிருக்கச் சொன்ன கை, மாண்டலேயில் சாவையே சற்று நிற்கச் சொன்னது. முன்னதற்கு எந்த விசாரணையும் இல்லை. பின்னதற்கேனும் ஒன்று நடந்தது.

அப்படியாயின் துயரத்தைப் படமெடுப்பதே குற்றமோ என்று நீங்கள் வினவலாம். அன்று என்பதே நம் விடை. 1943 இல் வங்கத்தில் 30 லட்சம் அளவில் மக்கள் பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர். போர்க்காலத் தணிக்கையால் செய்தி அமுக்கப்பட்டது. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழாசிரியர் அயன் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேயர், கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தோரின் நிழற்படங்களை 1943 ஆகஸ்டு 22 ஆம் நாள் வெளியிட்டார். சொல்லைத் தடுத்த தணிக்கை படத்தைத் தடுக்க மறந்திருந்தது. மறுக்கப்பட்டு வந்த பஞ்சத்தை உலகம் அதன்பின் மறுக்க இயலவில்லை. அதே கருவிதான், எவர்பொருட்டு அது திறக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1993 இல் சூடானில் கெவின் கார்ட்டர் என்னும் தென்னாப்பிரிக்கர் எடுத்த படத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பசியால் குனிந்து கிடக்கும் குழந்தை. பின்னே காத்திருக்கும் கழுகு. 1994 இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது; அதே ஆண்டு சூலையில் கார்ட்டர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குழந்தை என்னவாயிற்று என்று உலகம் கார்ட்டரைக் கேட்டது. அது சிறுமி என்றே எழுதியும் வந்தது. 2011 இல் ஸ்பானிய இதழாளர் ஒருவர் அவ்வூருக்கே சென்று தேடினார். அது சிறுவன் என்றும், அப்பஞ்சத்தில் இறவாமல் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்து பின்னர்க் காய்ச்சலால் இறந்தான் என்றும், அவன் பெயர் இன்னது என்றும் தந்தை வாயிலாக அறிந்தார். கழுகின் இரையாகவே உலகம் எண்ணியிருந்த உரு, ஒரு வீட்டின் மகனாக மாறிற்று. இத்துணைக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: சென்று பெயர் கேட்டல்.

அன்பர்களே, இப்போது நாம் மீண்டும் போனக்காட்டிற்கு வருவோம். மலைத் தோட்டங்களில் எடுத்த பழைய குழுப்படங்கள் சில வீடுகளில் இன்றும் உள. துரை விடைபெற்ற நாளிலோ, கோவில் திருவிழாவிலோ எடுத்தவை. முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்தோரின் பெயர்கள் அட்டையின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். பின்னே நிற்போர்க்கும் தரையில் அமர்ந்த பெண்களுக்கும் பெயர் இராது. அவர்களே நம் பாட்டன்மார். அவர்களே நம் பாட்டிமார்.

பெயர் இன்மை வெறும் மனக்குறை அன்று. அது வயிற்றையும் தொடுகிறது. 1972 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர்க்குப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்று கணக்கிட்டுத் தர வழி செய்தது. ஆயின் உழைத்தேன் என்பதற்குச் சான்று வேண்டும். நாள்வேலை குறிக்கும் செக்ரோல் ஏட்டில் ஒருவர் பெயர் பிழையாய் இருந்தாலோ, தோட்டம் முடங்கி ஏடு சிதைந்தாலோ, 40 ஆண்டு கொழுந்து பறித்த கை வெறுங்கையாய் நிற்கும். அப்போது யாரோ வைத்திருந்த பழைய படம், பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருப்பின், துணைச்சான்றாகவேனும் பேசும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் எளிய வேண்டுகோள் ஒன்றை வைக்கிறோம். வரும் ஆண்டிற்குள் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பழைய படங்களை எடுத்து, வயதில் மூத்தோரின் அருகில் அமர்ந்து, இவர் யார், எவ்வூரிலிருந்து வந்தார், எந்த லயத்தில் வாழ்ந்தார் என்று கேட்டு எழுத வேண்டும். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுக. மை ஊறி முன்புறத்தைக் கெடுக்கும். பசையிட்டு ஒட்டற்க. மலையின் ஈரத்தில் பூஞ்சை எளிதிற் பற்றும் ஆதலால் காற்றாடும் உலர்ந்த இடத்தில் வைக்க. ஒரு படி எடுத்துச் சங்கத்திற்கும் தருக. படமே இல்லாத வீட்டார் பெயரையும் ஊரையும் மட்டுமேனும் எழுதித் தருக. அடுத்த மலரில் அப்பெயர்களுக்கென ஒரு பகுதி ஒதுக்குமாறு தலைவரை வேண்டுகிறோம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா; காலந்தான் குறைவு. அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட முகங்களைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும் பெரியோர் நம்மிடையே சிலரே உளர். அவர்கள் மறைந்தால், சென்னைப் பஞ்சப் படங்களில் உள்ளோர் எவ்வாறு பெயரற்று நிற்கின்றனரோ, அவ்வாறே நம் பாட்டிமாரும் நிற்பர். இம்முறை அதற்கு ஹூப்பரைக் குறைகூற இயலாது.

பங்களாவைப் படமெடுக்கச் செல்லும் இளைஞர்க்கும் ஒரு சொல். செல்லுங்கள், மலை அழகியது. திரும்பும் வழியில் லயத்தின் வாயிலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் சற்று நின்று, பாட்டி, உங்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். அவர் இசைந்தால் படமெடுங்கள். எடுத்த படத்தின்கீழ் அப்பெயரை எழுதுங்கள். ஒரு படியை அவர் கையிலும் கொடுங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!