ஊரில் வீடு கட்டப் போகிறீர்களா? அனுமதி கேட்பதற்கு முன்...

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலருக்கு ஆம்பூர் பக்கமோ, மாதனூர், பேரணாம்பட்டு பக்கமோ ஒரு மனை இருக்கிறது. ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும், அல்லது பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பியதும், அங்கே ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று எண்ணம். "இப்பல்லாம் ஆன்லைன்ல உடனே அப்ரூவல் வந்துடுதாமே சார்" என்று லிஃப்டில் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். வருகிறது, உண்மைதான். உடனே வருகிறது என்பதால்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

2024 ஜூலை 22ஆம் தேதி தமிழக அரசு சுயசான்றிதழ் முறையைத் தொடங்கியது. மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் உள்ள குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, கட்டணம் கட்டினால் அனுமதி உடனடியாக வந்துவிடும். கிராம ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். கூர்ந்தாய்வுக் கட்டணம் கிடையாது, உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் கிடையாது, வீடு முடிந்த பிறகு முடிவுச் சான்று வாங்கவும் வேண்டாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது நல்ல திட்டம். குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் முன்பு ஓர் அதிகாரி நம் பேப்பரில் குறை தேடுவார். நமக்கு எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் குறை என்னவென்று கடைக்கால் தோண்டும் முன்பே தெரிந்துவிடும். இப்போது அந்த வேலை நம் தலையில். "எல்லாம் விதிப்படி சரி" என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள். விவரம் தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குள் நீங்கள் கூரையே போட்டிருப்பீர்கள்.

முதலில் மனையின் அளவைப் பாருங்கள். ஊர்ப்பக்கம் எல்லாம் சென்ட் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. "ஆறு சென்ட் மனை" என்று பெருமையாகச் சொல்வோம். பெருக்கினால் 2613 சதுர அடிக்கு மேல் வருகிறது, 2500ஐத் தாண்டிவிட்டது! ஐந்தே முக்கால் சென்ட்டும் தாண்டும், ஐந்தரை என்றால் தாண்டாது. தாண்டினால் வீடு கட்ட முடியாது என்றில்லை. அதே இணையதளத்தில் வழக்கமான முறையில், அலுவலகப் பரிசீலனையோடு அனுமதி வாங்க வேண்டும், கொஞ்சம் நாளாகும். அதற்குப் பயந்து, அளவைக் குறைத்துக் காட்டச் சொல்லும் இடைத்தரகர் பேச்சைக் கேட்காதீர்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் அளவு இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1076 சதுர அடி. பத்திரத்தில் 2400 சதுர அடி என்றால் பட்டாவில் சுமார் 2.23 ஏர் இருக்க வேண்டும். அங்கே 2.05 இருந்தால், அந்த வித்தியாசம் பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்னொன்று, பழைய பத்திரத்தில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். 2019 நவம்பரிலிருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. இணையதளத்தில் மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

அடுத்தது பெரிய விஷயம், "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை. நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்த வருடங்களில் அதிகம் பேர் முகம் வாடித் திரும்பியது இந்த வார்த்தையால்தான். ஊராட்சித் தலைவர் சீல் வைத்த வரைபடம் ஒன்றைப் பத்திரமாக உறையில் வைத்துக் கொண்டு வருவார்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும், அந்த சீல் அதற்கு ஈடாகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப்பதிவையே நிறுத்தியது நினைவிருக்கும். பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை அதில் வரன்முறை செய்யலாம். வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதி கிடையாது. அதற்கான கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மனை அந்த ரகம் என்றால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை முதலில் பாருங்கள். என்ஜினீயருக்கு அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மனைப்பிரிவே இல்லாத, பரம்பரை நிலம் என்றால் அது நஞ்சையா புஞ்சையா என்று கேளுங்கள். நஞ்சை என்றால் விஷயம் மாவட்ட ஆட்சியர் வரை போகும். ஏரி, ஓடை, கால்வாய் பக்கத்தில் இருந்தால் 15 மீட்டர் தூரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கட்டுவதற்கு நிபந்தனை போடலாம், மறுக்கவும் செய்யலாம். வருடக்கணக்காகத் தண்ணீர் வராத ஓடையாக இருந்தாலும் புலப்படத்தில் அது ஓடைதான்.

வங்கிக் கடன் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் தொகையை மொத்தமாகக் கையில் கொடுக்க மாட்டார்கள். கடைக்கால், லிண்டல், கான்கிரீட் கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் வங்கியின் என்ஜினீயர் வந்து வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அரசு அலுவலர் பார்க்காமல் அனுமதி வந்ததால் வங்கிக்காரரும் பார்க்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். மேஸ்திரி சொன்னார் என்று பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் படிக்கட்டு எடுத்த ஒருவருக்கு லிண்டல் மட்டத்தில் தவணை நின்றது. படிக்கட்டை இடித்த பிறகுதான் அடுத்த செக் போனது.

இனி நான் சொல்லப்போவது எந்த அனுமதிப் படிவத்திலும் இல்லாதது. நம் பாலாற்றுப் பகுதியில் தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. அதே பாலாறு விஷயத்தில் 2025 ஜனவரி 30 அன்றும் ஒரு தீர்ப்பு வந்தது. நடுவில் இருபத்தெட்டு வருடம். கட்டட அனுமதி உங்கள் போர்வெல்லைப் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் கேனில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம்.

குடிப்பதற்குக் கேன் வாங்கிக்கொள்ளலாம் என்பீர்கள். கான்கிரீட்டுக்கு என்ன செய்வீர்கள்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், சில வருடத்தில் கூரை பெயர்ந்து விழும். ஆகவே ஆய்வகத்தில் குளோரைடு அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அதிகம் என்றால் கட்டி முடியும் வரை நல்ல தண்ணீரை டேங்கரில் வரவழைக்கும் செலவை எஸ்டிமேட்டில் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்பதால் பெயருக்கு ஒன்று தோண்டுவார்கள். இந்தப் பக்கத்தில் அதை ஒழுங்காகக் கட்டுவது உங்களுக்கே லாபம்.

சந்தேகம் இருப்பவர்கள் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் நான்கின் நகலையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள். அசல் வேண்டாம், நகல் போதும். உட்கார்ந்து அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.