முதலில் பேசுபவரின் பொறுப்பு
(உரையின் வாசகம்)

1883ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரசு மர அறுவை ஆலையால் பெயர் பெற்றது அந்தமானின் சாத்தம் தீவு. இதன் துறையிலிருந்து பாம்பூ பிளாட்டுக்குப் படகுகள் செல்கின்றன. கடல் கொந்தளித்தால் தீவுகளில் பயணம் தடைப்படும். கப்பல் தாமதித்தால் சரக்கும் தாமதமாகும். எனவே, உரிய காலத்தில் செய்தி கிடைப்பது இங்கு இன்றியமையாத் தேவையாகும்.

சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்த மக்களுக்கு விரைவான இணைய வசதி கிட்டியது. அதன் வழியே நிறுவனங்களின் தானியங்கி உரையாடல்களும் வந்தடைகின்றன.

2018இல் ரயில்வே சுற்றுலாக் கழகம் தொடங்கிய தானியங்கி உதவியும், 2020 மார்ச்சில் மத்திய அரசு வாட்ஸ்அப்பில் அமைத்த கொரோனா உதவி மையமும் மக்கள் கேட்ட பின்னரே விடையளித்தன. இன்றோ, பல நிறுவனங்களின் இயந்திரமே முதலில் பேசுகிறது. பயணம் ரத்தானதையோ, பொருள் வந்து சேரும் நாளையோ கேளாமலே அறிவிப்பது நற்பணியே. ஆயினும், அதே வழியில் விளம்பரங்களும் வருகின்றன.

இதில் ஒரு பொருளாதார உண்மை அடங்கியுள்ளது. செய்தி அனுப்பும் செலவு நிறுவனத்துக்குச் சொற்பம். அதைப் படித்துத் தள்ளும் நேரச் செலவோ வாடிக்கையாளருடையது. பிறர் மீது விழும் செலவை எவரும் எளிதில் சுருக்குவதில்லை. விளம்பரங்கள் குவியும்போது, படகு நின்ற செய்தியும் படிக்கப்படாமலே போய்விடும்.

இதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வாடிக்கையாளரின் முன் இசைவும், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசகமும் இருந்தாலன்றி நிறுவனம் உரையாடலைத் தொடங்கக் கூடாது என்பது வாட்ஸ்அப்பின் விதி. இசைவு தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கோட்பாடு. இசைவு கோரும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பெற அச்சட்டம் வழிசெய்கிறது.

இத்தீவுகளுக்கு மொழி முக்கியமானது. 2011 கணக்கெடுப்பின்படி இங்குள்ள 3,80,581 மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்; வங்காளி, இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி பேசுவோரும் கணிசமாக உள்ளனர். புரியாத மொழியில் பெற்ற இசைவு உண்மையான இசைவாகாது.

எனவே, முதலில் பேசும் நிறுவனம் நான்கு கடமைகளை ஏற்றல் வேண்டும்: இசைவு பெறுதல், அவரவர் மொழியில் பேசுதல், 'போதும்' என்றதும் நிறுத்துதல், இயந்திரத்தால் தீராத குறையைக் கேட்க ஒரு மனிதரை அமர்த்துதல். இவற்றை நிறைவேற்றினால்தான் கடலடிக் கம்பிவடத்தின் பயன் தீவு மக்களை முழுமையாகச் சென்றடையும்.